பக்கத்தில் நின்றவர்கள்

சின்ன வயதில் படித்த கதைப் புத்தகத்தை நாற்பது வயதில் ஒருவர் மறுபடி எடுத்துப் படிக்கிறார் என்றால், பார்ப்பவர்கள் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். பழைய நினைவில் கொஞ்சம் இளைப்பாறுகிறார், படித்துவிட்டுப் போகட்டும் என்று. அவர் செய்வது அதுவல்ல என்று நினைக்கிறேன். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அதைச் சொல்லிவிடலாம். அவசரமில்லை, ஆற அமரவே பேசுவோம்.

எல்லாச் சிறுவர் புத்தகங்களையும் பற்றி இதைச் சொல்ல முடியாது. நான் சொல்வது வளர்வதைப் பற்றிய புத்தகங்களை. முதல் அத்தியாயத்தில் ஒரு பெண்ணோ பையனோ வருவார்கள். கடைசி அத்தியாயத்திலும் அதே பிள்ளைதான், ஆனால் அதே ஆள் இல்லை. நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. வளர்கிறவருக்குத் தாம் வளர்வது தெரிவதில்லை. போன தீபாவளிக்குத் தைத்த பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டதைக் கவனிப்பது அம்மாவோ அத்தையோதான். வளர்ச்சியைப் பற்றி எழுத உட்காருகிறவருக்கு இதனால் ஒரு சிக்கல் வருகிறது. கதை பிள்ளையின் கண் வழியாகப் போக வேண்டும், ஆனால் சொல்ல வந்த விஷயமோ அந்தக் கண்ணுக்குப் படாதது.

நல்ல எழுத்தாளர்கள் இதை ஒரே வழியில்தான் தீர்த்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவரை நிறுத்திவிடுகிறார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். கதையை நடத்துவதும் அவர் இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருப்பார். பத்து வயதில் படிக்கும்போது நாம் அவரைத் தாண்டி ஓடிவிடுகிறோம். பிள்ளைகள் மெதுவான பத்திகளைக் கூச்சமில்லாமல் தாண்டுவார்கள், அது அவர்களுடைய உரிமை. நாற்பதில் திரும்பி வரும்போது அந்தப் பெரியவர் அதே இடத்தில் நிற்கிறார். பந்தியில் இன்னும் வந்து சேராத ஒருவருக்கென்று இலை போட்டு வைத்திருப்பதுபோல, அவர் அருகில் நமக்கென்று ஓர் இடம் முதலிலிருந்தே இருந்திருக்கிறது.

பெயர் சொல்லியே பார்க்கலாம். எல்.எம். மாண்ட்கோமரி எழுதிய ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ 1908இல் வந்தது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் மாத்யூ, மரில்லா என்று கல்யாணமாகாத அண்ணனும் தங்கையும் விவசாயம் பார்த்து வாழ்கிறார்கள். வயல் வேலைக்கு ஒத்தாசையாக அனாதை இல்லத்திலிருந்து ஒரு பையனைக் கேட்டுச் சொல்லி அனுப்பினால், வந்து இறங்குவது பதினொரு வயது சிவப்புத் தலைமுடிப் பெண், ஆன். வாய் ஓயாத பெண். சிறுவயதில் இதைப் படிக்கிற எவரும் ஆனாகவே ஆகிவிடுவார்கள். தன்னைக் கேலி செய்த கில்பர்ட்டின் தலையில் அவள் எழுதுபலகையை உடைக்கும்போது நாமும் சேர்ந்து உடைக்கிறோம். மரில்லா அப்போது நமக்கு யார்? அதைச் செய்யாதே, இதைச் செய்யாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு கறார்ப் பெரியம்மா.

புத்தகத்தின் கடைசிப் பகுதியில் ஒரு சமையலறைக் காட்சி இருக்கிறது. ஆன் ஆசிரியர் பயிற்சிக்காக வெளியூர் கிளம்பப் போகிறாள். மரில்லாவே துணி வாங்கித் தைக்கக் கொடுத்த பச்சை நிற உடையைப் போட்டுக்கொண்டு, அண்ணன் தங்கை இருவருக்கும் முன்னால் ஒரு கவிதையை அபிநயத்தோடு சொல்லிக் காட்டுகிறாள். மரில்லாவின் கண் கலங்குகிறது. ஆன் அதைப் பார்த்துவிட்டு, தான் கவிதை சொன்ன அழகில்தான் அழுகிறாள் என்று பூரித்துப் போகிறாள். மரில்லா அதை ஒரே வார்த்தையில் மறுத்துவிடுகிறாள், கவிதைக்கெல்லாம் அழுகிற ஆள் அவள் இல்லை. அழுவது வேறொன்றுக்காக. அழுக்கு மஞ்சளில் பொருந்தாத ஓர் உடுப்போடு, மிரண்ட கண்ணோடு முதல் நாள் வீட்டுக்குள் வந்து நின்ற சிறுமி அவள் மனக்கண்ணில் வந்து நிற்கிறாள். அந்தச் சிறுமி இனி எங்கும் இல்லை. அவள் செத்துப்போகவில்லை, காணாமல் போகவில்லை, எதிரிலேயே உயரமாக நிற்கிறாள். ஆனாலும் இல்லை.

அந்தக் காட்சியின் அமைப்பைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஆன் தப்பாகப் புரிந்துகொள்கிறாள். பத்து வயது வாசகியும் ஆனோடு சேர்ந்து, பெரியவர்கள் எதற்கோ அழுகிறார்கள் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவாள். வீட்டில் ஒரு பிள்ளையை வளர்த்துக் கல்லூரி விடுதிக்கு அனுப்பியவர் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது. ஆனும் மரில்லாவும் ஒரே அடுப்படியில் நிற்கிறார்கள், ஒருத்திக்கு அது ஆரம்பம், இன்னொருத்திக்கு அது முடிவு. மாண்ட்கோமரி இரண்டையும் ஒரே பத்தியில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டு வயது நிறைவதற்கு முன்பே தாயை இழந்து தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். வயதானவர்கள் நடத்துகிற வீட்டுக்குள் ஒரு குழந்தை வந்து சேர்ந்தால் அந்த வீட்டில் என்னவாகும் என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரியும்.

இதே மரில்லா, மாத்யூ இறந்த பிறகு, ஒரு சாயங்காலம் ஆனிடம் ஒரு விஷயத்தைச் சொல்கிறாள். கில்பர்ட்டின் அப்பாவுக்கும் தனக்கும் ஒரு காலத்தில் நேசம் இருந்தது, ஒரு சண்டை வந்தது, அவன் மன்னிப்புக் கேட்டும் தான் இறங்கி வரவில்லை, அதோடு போயிற்று. சில வரிகள்தான். ஒரு முழு வாழ்க்கை அதற்குள் இருக்கிறது. ஆனுக்கு அது கில்பர்ட்டோடு சமாதானமாகப் போக ஒரு தூண்டுதல். நமக்கு அதற்குள் மரில்லாவின் நாவல் ஒன்று தெரிகிறது, எழுதப்படாத நாவல்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான புத்தகம் ‘டோட்டோ-சான்’. டெட்சுகோ குரோயாநாகி ஜப்பானிய மொழியில் எழுதி 1981இல் வந்தது. நேஷனல் புக் டிரஸ்ட்டின் தமிழ்ப் பதிப்பு வழியாக இங்கே எத்தனையோ ஆசிரியர்கள், பெற்றோர்கள் கைக்கு வந்திருக்கிறது. இதை நான் கொஞ்சம் நிறுத்தியே சொல்ல வேண்டும். பார்க்கிற பெரியவர் என்று நான் சொல்கிற விஷயம் இந்தப் புத்தகத்தில்தான் அடுக்கடுக்காக இருக்கிறது.

முதல் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜியுகாவோகா ரயில் நிலையம். அம்மாவும் மகளும் ரயிலிலிருந்து இறங்கி வெளியே வருகிறார்கள். வாசலில் டிக்கெட் வாங்கிப் போடுகிறவரிடம் டோட்டோ-சான் தன் டிக்கெட்டைக் கொடுக்க மனமில்லாமல், அதைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். பெரியவளானதும் டிக்கெட் விற்கிற வேலைக்குப் போவதா, ஏற்கெனவே முடிவு செய்தபடி உளவாளி ஆவதா என்று அவளுக்குக் குழப்பம். படிக்கிற பிள்ளை சிரிக்கும். சிரிக்க வேண்டிய இடம்தான்.

அம்மா அந்த நேரத்தில் என்ன யோசித்துக்கொண்டு நடக்கிறாள் என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது. முதல் வகுப்புப் படிக்கும் இந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். மேசையின் மூடியை ஓயாமல் திறந்து மூடுகிறாள், ஜன்னலில் நின்று தெருவில் போகும் பாட்டுக்காரர்களைக் கூப்பிடுகிறாள், கூடு கட்டும் குருவியிடம் பேசுகிறாள் என்பவை புகார்கள். இப்போது போகிற பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அம்மாவுக்கு. இதில் எதையும் மகளிடம் அவள் சொல்லவில்லை. வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டிருக்கிறாள். பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட செய்தியே டோட்டோ-சானுக்கு இருபது வயதுக்கு மேல் ஆன பிறகுதான் தெரியவருகிறது. ஒரு பள்ளி அலுவலக வாசலில் விண்ணப்பத்தோடு காத்திருந்து, பக்கத்தில் குதித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு முகம் காட்டாமல் நின்ற அனுபவம் இருக்கிறவருக்கு, அந்த ரயில் நிலையத்தைக் கடக்க நேரமாகும். அப்படி ஒரு பயத்தை ஏறத்தாழ பதினைந்து வருஷம் வாயைத் திறக்காமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம்! புத்தகம் அதைப் புகழ்ந்து பேசுவதில்லை, சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

அப்புறம் தலைமையாசிரியர் சோசாகு கோபயாஷி. 1937இல் டோமோயே பள்ளியைத் தொடங்கியவர். பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறைகள். டோட்டோ-சான் முதல் நாள் அவரிடம் நாலு மணி நேரம் பேசுகிறாள், அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இந்தக் காட்சியை எல்லோரும் சொல்வார்கள். கூட்டங்களில் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு மறுவாசிப்பில் அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொன்று.

டகாஹாஷி என்று ஒரு மாணவன். கைகால் குட்டையாக, வளர்ச்சி நின்றுபோன பையன். வகுப்பில் ஒரு நாள், ஆதிகாலத்தில் மனிதர்களுக்கு வால் இருந்தது என்று பாடம் நடத்துகிற ஆசிரியை, விளையாட்டாக டகாஹாஷியைப் பார்த்து உனக்கு வால் இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறார். பள்ளி விட்ட பிறகு டோட்டோ-சான் தற்செயலாகச் சமையலறைப் பக்கம் வருகிறாள். உள்ளே தலைமையாசிரியர் அந்த ஆசிரியையிடம் கோபமாகப் பேசுவது கேட்கிறது. டகாஹாஷிக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று அவர் கேட்கிறார். ஆசிரியை அழுகிறார். டோட்டோ-சானுக்கு ஒன்றும் புரியவில்லை. வால் இருந்தால் நன்றாகத்தானே இருக்கும் என்பது அவள் கட்சி.

அந்த இடத்தில் ஒரு தகவல் வருகிறது. தலைமையாசிரியர் ஆசிரியையைக் கண்டித்தது மற்ற ஆசிரியர்கள் இருக்கும் அறையில் அல்ல, சமையலறையில். முதல் வாசிப்பில் இது வெறும் இடக்குறிப்பு. மறுபடி படிக்கும்போது அந்த மனிதரின் குணமெல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றப் பேசும்போதே, தவறு செய்த ஆசிரியையின் மானத்தையும் பார்த்துக்கொள்கிறார். அலுவலகத்தில் பத்துப் பேர் பார்க்கத் திட்டு வாங்கியவர்களுக்கும், அப்படித் திட்டிவிட்டு இரவில் தூக்கம் வராமல் கிடந்தவர்களுக்கும் அந்தச் சமையலறையின் அருமை தெரியும். எட்டு வயதில் அது தெரிய வழியில்லை, தெரியவும் வேண்டாம்.

விளையாட்டு விழாவும் இப்படித்தான். துணியால் செய்த பெரிய மீனின் வாய் வழியாக நுழைந்து வால் வழியாக வெளியே வரும் போட்டி, படிக்கட்டில் ஏறி இறங்கும் போட்டி என்று எல்லாம் விசித்திரமான போட்டிகள். அத்தனையிலும் டகாஹாஷியே முதலாவதாக வருகிறான். பரிசு என்னவென்றால் காய்கறிகள். பிள்ளைகளுக்கு அது அவன் அதிர்ஷ்டம், கொஞ்சம் பொறாமைகூட. அந்தப் போட்டிகளை ஒவ்வொன்றாக யோசித்து, எந்த உடம்புக்கு எது சுலபம் என்று கணக்குப் போட்டு அமைத்த ஒருவர் பின்னால் இருக்கிறார் என்பது பெரியவராகிப் படிக்கும்போதுதான் உறைக்கிறது. ஜெயித்த பையனுக்குக்கூட அது தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடே.

இன்னோர் இடம். போலியோவால் காலும் கையும் பாதிக்கப்பட்ட யசுவாகி-சானை டோட்டோ-சான் தன் மரத்துக்கு விருந்தாளியாக அழைக்கிறாள். இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரியாமல். ஏணியை இழுத்துவந்து, தள்ளி, பிடித்து, வேர்த்துப்போய் அவனை மேலே ஏற்றிவிடுகிறாள். மரத்தில் உட்கார்ந்து இருவரும் பேசுகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் அக்கா சொன்னதாக யசுவாகி-சான் ஒரு செய்தி சொல்கிறான். அங்கே டெலிவிஷன் என்று ஒரு பெட்டி இருக்கிறதாம், ஜப்பானுக்கு வந்தால் வீட்டிலிருந்தே சுமோ மல்யுத்தம் பார்க்கலாமாம். அவ்வளவு பெரிய மல்யுத்த வீரர்கள் ஒரு பெட்டிக்குள் எப்படி நுழைவார்கள் என்று டோட்டோ-சான் யோசிக்கிறாள்.

சிறுவர்கள் இதற்கும் சிரிப்பார்கள். இந்த டோட்டோ-சான்தான் வளர்ந்து, இந்தப் புத்தகத்தை எழுதிய குரோயாநாகியாகி, ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கிய 1953ஆம் ஆண்டிலேயே அதில் நடிக்கப் போனவர், 1976 முதல் ‘டெட்சுகோவின் அறை’ என்ற நேர்காணல் நிகழ்ச்சியை நடத்திவருபவர். யசுவாகி-சான் பள்ளிப் பருவத்திலேயே இறந்துவிட்டான். டெலிவிஷன் என்ற சொல்லை முதன்முதலில் தனக்குச் சொன்ன பையன் அதைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்துகொண்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் அந்தப் பெண் அந்த உரையாடலை எழுதுகிறார். எழுதும்போது துக்கத்தை மேலே கொண்டுவரவில்லை. மரத்தின் மேல் இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார். இங்கே பார்க்கிற பெரியவர் கதைக்குள் வருகிற பாத்திரம் இல்லை. வளர்ந்துவிட்ட டோட்டோ-சானே அங்கே நிற்கிறார்.

யுத்தமும் அப்படித்தான் வருகிறது. ரயில் நிலையத்தில் காசு போட்டால் கேரமல் மிட்டாய் தரும் இயந்திரம் காலியாகக் கிடக்கிறது. டோட்டோ-சானுக்கு அது மிட்டாய் பிரச்சினை, நமக்கு அது ஒரு நாட்டின் சர்க்கரை தீர்ந்துபோன செய்தி. வயலின் கலைஞரான அப்பா, ராணுவப் பாட்டு வாசித்தால் உணவுப்பொருள் கிடைக்கும் என்று தெரிந்தும் வாசிக்கப் போவதில்லை. 1945இல் குண்டு விழுந்து பள்ளி எரிகிறது. எரிவதைத் தெருவில் நின்று பார்த்தபடியே கோபயாஷி தன் மகனிடம், அடுத்து என்ன மாதிரிப் பள்ளிக்கூடம் கட்டலாம் என்று கேட்கிறார். அவர் 1963இல் இறந்தார். அவர் விரும்பியபடி இன்னொரு டோமோயே அமையவில்லை. சிறுவயதில் அந்தக் கேள்வியை நம்பிக்கை என்று படித்தேன். இப்போதும் நம்பிக்கை என்றுதான் படிக்கிறேன், ஆனால் அதைக் கேட்க ஒரு மனிதனுக்கு என்ன விலை ஆகும் என்று இப்போது கூடவே தெரிகிறது.

எல்லாப் புத்தகமும் இந்த மறுவாசிப்பைத் தாங்குமா? தாங்காது. எனிட் பிளைட்டனின் ‘ஃபேமஸ் ஃபைவ்’ வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 முதல் 1963 வரை இருபத்தொரு புத்தகங்கள். நாலு பிள்ளைகள், ஒரு நாய், தீவு, குகை, கடத்தல்காரர்கள். பத்து வயதில் அந்தப் புத்தகங்களைக் கீழே வைக்க முடியாது. பெரியவராகித் திறந்தால் உள்ளே நுழைய வழியில்லை. காரணம் எழுத்தின் எளிமை என்பார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. டோட்டோ-சானும் எளிமைதான். ஃபேனி அத்தை சாப்பாடு கட்டிக் கொடுத்ததும் கதையிலிருந்து போய்விடுகிறாள், குவெண்டின் மாமா அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். அந்தப் பிள்ளைகளைப் பார்க்க ஆளே இல்லை. பார்க்க ஆள் இல்லாததுதான் அந்தக் கதைகளின் சுதந்திரம், பிள்ளைகள் அதற்காகத்தான் படிக்கிறார்கள். யாரும் பார்க்காததால் அவர்கள் வளர்வதும் இல்லை. அது வேறு வகைப் புத்தகம். அதைக் குறை என்று சொல்லத் தேவையில்லை.

நம் பக்கத்துப் புத்தகம் ஒன்றையும் சொல்லாமல் போனால் நியாயமில்லை. ஆர்.கே. நாராயணின் ‘சுவாமியும் நண்பர்களும்’, 1935இல் ஆங்கிலத்தில் வந்தது. சிறுவர்களுக்கென்றே எழுதப்பட்டது அல்ல. ஆனால் பாடப்புத்தகங்கள் வழியாகவும், எண்பதுகளில் தூர்தர்ஷனில் வந்த ‘மால்குடி டேஸ்’ தொடர் வழியாகவும் பிள்ளைகளின் சொத்தாகிவிட்டது. அதில் பாட்டி ஒருத்தி இருக்கிறாள். முன்கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில், காற்றும் வெளிச்சமும் சரியாக வராத ஒரு நடையில், தன் மூட்டை முடிச்சுகளோடு இருக்கிறாள். படுக்கை, தலையணைகள், செப்புக்காசும் ஏலக்காயும் கிராம்பும் பாக்கும் போட்டு வைத்த ஒரு சின்ன மரப்பெட்டி. அவள் உலகம் அவ்வளவுதான்.

சுவாமி ராத்திரி அவள் மடியில் வந்து விழுந்து, புதிதாக வந்த ராஜத்தைப் பற்றி அளக்கிறான். ராஜத்தின் அப்பா போலீஸ் சூப்பிரண்டு, ராஜம் புலியைக் கொன்றவன் என்றெல்லாம். பாட்டிக்குத் தன் கணவர் ஞாபகம் வருகிறது. அவர் படித்து வாங்கிய மெடலைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறாள். அந்த மெடலை அத்தையிடம் கொடுத்ததும், அவள் அதை உருக்கி வளையல் செய்துகொண்டதும் பாட்டிக்கு இன்னும் ஆறாத விஷயம். சுவாமிக்குப் பொறுமை இல்லை. ராஜத்தின் பெருமைக்கு முன்னால் செத்துப்போன தாத்தாவின் மெடல் எம்மாத்திரம்?

சின்ன வயதில் நாமும் சுவாமி பக்கம்தான். பாட்டி குறுக்கே பேசாமல் இருக்க மாட்டாளா என்று இருக்கும். இப்போது படித்தால் அந்த மெடலை விட்டுக் கண் நகர்வதில்லை. அந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்கக்கூடிய ஒரே ஆள் இந்தப் பையன், அவனும் கேட்கவில்லை. இன்னொரு நாள், வயிற்றுவலிக்கு ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி வா என்கிறாள். கிரிக்கெட் அவசரத்தில் ஓடிவிடுகிறான். பிறகு மனசு உறுத்தி ஓடிவந்து விசாரிக்கிறான். வேறொரு நாள், டேட் என்ற பெரிய பந்துவீச்சாளர் யார் என்றே பாட்டிக்குத் தெரியவில்லை என்று அவனுக்குத் திகைப்பு. பாட்டியின் அறியாமையைக் கண்டு நாமும் ஒரு காலத்தில் சிரித்தோம். இன்றைக்கு வீட்டுப் பிள்ளை மொபைல் விளையாட்டு ஒன்றின் பெயரைச் சொல்லி, இதுகூடத் தெரியாதா என்று நம்மைப் பார்க்கிற பார்வையில் அதே திகைப்பு இருக்கிறது. நாராயண் சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். அந்த நடையில் கிடந்த மரப்பெட்டியை அவர் பொருள் பொருளாக எண்ணி எழுதியிருக்கிறார் என்றால், பிள்ளையாக இருந்தபோது கேட்காமல் விட்டதை எழுத்தாளராகி உட்கார்ந்து கேட்டிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பார்க்கிற பெரியவரைக் கதையின் முடிச்சாகவே ஆக்கிவிட்ட புத்தகம் ஒன்று உண்டு. நம் பக்கம் அவ்வளவாகப் பேசப்படாதது. இங்கிலாந்தின் ஃபிலிப்பா பியர்ஸ் 1958இல் எழுதிய ‘டாமின் நள்ளிரவுத் தோட்டம்’. அந்த ஆண்டின் கார்னகி பதக்கம் இதற்குத்தான் கிடைத்தது. தம்பிக்கு அம்மை என்பதால் டாமை ஒரு சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பழைய மாளிகை ஒன்றைத் துண்டு துண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருக்கிற வீடு. தோட்டம் கிடையாது, பின்கதவைத் திறந்தால் குப்பைத் தொட்டிகள். கூடத்தில் நிற்கும் ஆளுயரக் கடிகாரம் ஒரு ராத்திரி பதின்மூன்று அடிக்கிறது. டாம் எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்தால் அங்கே பெரிய தோட்டம்.

அந்தத் தோட்டத்தில் ஹாட்டி என்று ஓர் அனாதைச் சிறுமி. இருவரும் கூட்டாளிகள் ஆகிறார்கள். தினமும் ராத்திரி டாம் போகிறான். அவனுக்கு நாட்கள்தான் போகின்றன, அங்கே வருஷங்கள் போகின்றன. ஹாட்டி வளர்கிறாள். டாமுக்கு அது கண்ணில் படவே இல்லை. கடைசியில் உறைந்த ஆற்றின் மேல் இருவரும் சறுக்கிக்கொண்டு ஈலி என்ற ஊர்வரை போகிறார்கள். திரும்பும் வழியில் பார்ட்டி என்ற இளைஞனின் வண்டியில் ஏறிக்கொள்கிறார்கள். ஹாட்டியும் அவனும் பேசிக்கொண்டே வருகிறார்கள். டாம் பக்கத்தில் இருப்பதே அவளுக்கு மறந்துபோகிறது. மறுநாள் ராத்திரி பின்கதவைத் திறந்தால் தோட்டம் இல்லை. குப்பைத் தொட்டிகளில் மோதி விழுந்து ஹாட்டி, ஹாட்டி என்று கத்துகிறான்.

மாடியில் வீட்டுக்காரம்மா இருக்கிறார். திருமதி பார்த்தலோமியூ. எப்போதாவது கீழே வந்து கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுப் போகிற, பிள்ளைகளுக்குப் பிடிக்காத கிழவி. அவர்தான் ஹாட்டி. பார்ட்டியைக் கட்டிக்கொண்டு, இரண்டு மகன்களை முதல் உலக யுத்தத்தில் பறிகொடுத்து, கணவரும் போன பிறகு இந்த வீட்டுக்குத் தனியாக வந்து சேர்ந்தவர். ராத்திரிகளில் அவர் தன் சிறுவயதைக் கனவு கண்டார். அந்தக் கனவுக்குள்தான் டாம் போய்வந்திருக்கிறான். தோட்டம் அன்றைக்கு மறைந்ததற்குக் காரணமும் அவர் கனவுதான். அன்று ராத்திரி அவர் கண்டது தன் கல்யாணத்தை.

முதல் வாசிப்பில் இது ஒரு புதிர் அவிழ்கிற சந்தோஷம். பழைய காலத்துச் சிறுமி யார் என்று தெரிந்துவிட்டது! இரண்டாவது வாசிப்பில் புதிர் கிடையாது, நமக்கு விடை தெரியும். அதனால் முதல் பக்கத்திலிருந்தே மாடியைப் பார்த்துக்கொண்டே படிக்கிறோம். கீழே டாம் ஓடி விளையாடுகிற ஒவ்வொரு ராத்திரியும் மேலே ஒரு கிழவி படுத்திருக்கிறாள், அவள் நினைத்தால்தான் அந்தத் தோட்டம். ஹாட்டி எப்போது வளர்ந்தாள் என்று டாமுக்குத் தெரியாமல் போனதும் இப்போது விளங்குகிறது. அவன் இருந்தது பிள்ளையின் கண்ணில், அவளோ வளர்ந்து முடித்து மேலே இருந்து பார்க்கிறாள். பியர்ஸ் இதை எழுதியபோது மனதில் வைத்திருந்த வீடும் தோட்டமும், கேம்பிரிட்ஜ் அருகே தாம் வளர்ந்த மாவு ஆலை வீட்டினுடையவை. அந்த வீடு குடும்பத்தின் கையைவிட்டுப் போகிற காலத்தில் எழுதிய கதை. மாடியில் படுத்திருந்தது யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்காது.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால் டோட்டோ-சானைச் சொல்வேன். இரண்டு மூன்று பக்க அத்தியாயங்கள், ராத்திரிக்கு நாலைந்து போதும். வீட்டில் பிள்ளை இருந்தால் சத்தம்போட்டுப் படியுங்கள். பிள்ளை சிரிக்கிற இடத்தில் உங்களுக்குத் தொண்டை அடைத்தால் நிறுத்தி விளக்கம் சொல்ல வேண்டாம், டிக்கெட் விற்கிற உளவாளியின் கதையாகவே அது அவர்களிடம் போகட்டும். பின்னுரையை மட்டும் முன்கூட்டியே புரட்டிவிடாதீர்கள். ரயில் பெட்டியில் படித்த அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்று குரோயாநாகி அதில் ஒவ்வொருவராகச் சொல்கிறார். டகாஹாஷி எப்படி வேலைக்குப் போனான், அங்கே அவனுக்கு எந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள் என்பதும் அதில்தான் வருகிறது. அந்தத் துணி மீனைத் தாண்டி வந்த பிறகு படிக்க வேண்டிய பக்கம் அது.